படம் ஓடுது, வசனம் எங்கே?
ஹோம் தியேட்டரில் சில டிஸ்க்குக்கு மட்டும் சத்தம் வராத கதை



இன்ஜினியரிங் சேர்ந்த நாளிலிருந்து நம்ம எல்லாருக்கும் வீட்டில் ஒரு பார்ட் டைம் வேலை உண்டு. "நீதான் படிக்கிறியே, இதைக் கொஞ்சம் பாரு" என்று மிக்ஸி, மோட்டார் ஸ்டார்ட்டர், வைஃபை பாக்ஸ் எல்லாம் நம்ம முன்னால் வந்து உட்காரும். அந்த வரிசையில் இன்னும் ரிட்டையர் ஆகாத ஒரு ஆசாமி இருக்கார். ஹாலில் டிவிக்குக் கீழே, தூசி படிஞ்ச ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபரோட இருக்கும் டிவிடி பிளேயர்தான் அவர்.

அவரைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எல்லா டிஸ்க்கும் நல்லா பாடுது. இது மட்டும் பாட மாட்டேங்குது." அடுத்த வரி, "டிஸ்க் போயிடுச்சு போல, தூக்கிப் போட்டுடவா?"

தூக்கிப் போட விடாதீங்க. "சில டிஸ்க்கில் மட்டும்" என்ற வார்த்தையே பாதி விடையைச் சொல்லிடுது. மற்ற டிஸ்க் பாடுதுன்னா ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், பவர் சப்ளை எல்லாம் ஓரளவு நல்லாத்தான் இருக்கு. இந்த டிஸ்க்கில் படம் தெரியுதுன்னா லென்ஸும் அதைப் படிக்குது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: டிஸ்க்கில் சத்தம் எழுதப்பட்டிருக்கும் முறைக்கும், அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டிய பெட்டிக்கும் ஒத்துப் போகல. இந்தக் கட்டுரை அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி பற்றியது. ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. ரிமோட் போதும்.

டிஸ்க்குக்குள்ளே என்ன இருக்கு?

முதலில் கொஞ்சம் கணக்கு. இதைப் போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஆடியோ சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். எந்தச் சுருக்கமும் இல்லாத இந்த முறைக்குப் பெயர் பி.சி.எம். இதை வாசிக்கத் தெரியாத பிளேயரே கிடையாது.

டிவிடிக்கு வருவோம். 48,000 சாம்பிள், 16 பிட், 5.1 என்றால் ஆறு சேனல். பெருக்கினால் விநாடிக்கு சுமார் 4.6 மெகாபிட். மூணு மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு சத்தம் மட்டுமே 6.2 ஜி.பி. வந்துடும். இரட்டை அடுக்கு டிவிடியின் மொத்த இடமே 8.5 ஜி.பி.தான். அப்புறம் படத்தை எங்கே வைக்கிறது?

அதனால்தான் சுருக்கினாங்க. டால்பி டிஜிட்டல் முறை டிவிடியில் அதிகபட்சம் 448 கிலோபிட்டில் ஆறு சேனலையும் அடக்கிடும். அதே மூணு மணி நேரப் படத்துக்கு 0.6 ஜி.பி. போதும். டி.டி.எஸ். கொஞ்சம் தாராளம்: 754 அல்லது 1,509 கிலோபிட். முழு அளவில் போட்டால் 2 ஜி.பி. பழைய விசிடியில் எம்பெக் லேயர் 2 என்ற முறை, 224 கிலோபிட், இரண்டு சேனல் மட்டும்.

சுருக்கியதை விரிக்க டிகோடர் வேண்டும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்குறது சுலபம். ஒவ்வொரு முறையும் ஒரு பூட்டு, டிகோடர் அதற்கான சாவி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டில் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. இங்கேயும் அப்படித்தான். டால்பி சாவி வைத்திருக்கும் பிளேயர் டி.டி.எஸ். பூட்டு முன்னால் சும்மா நிற்கும். படம் ஓடும், சத்தம் வராது.

இங்கே ஒரு முக்கியமான விதி இருக்கு. டிவிடி வீடியோ டிஸ்க்கில் டி.டி.எஸ். கட்டாயம் கிடையாது, கூடுதல் வசதி மட்டுமே. டால்பி டிஜிட்டல், பி.சி.எம். மாதிரி எல்லா பிளேயருக்கும் தெரிந்த ஒரு டிராக் கூடவே இருக்கணும். அதனால் ஒரிஜினல் டிஸ்க்கில் சத்தம் வரலன்னா, ஒரு நல்ல டிராக் பக்கத்திலேயே ஒளிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

தியேட்டரில் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள்?

தமிழ் சினிமா இந்த விஷயத்தில் ரொம்ப சீக்கிரமே இறங்கிடுச்சு. 1995-ல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்தது. தமிழில் முதல் டி.டி.எஸ். படம் என்று சொல்லப்படும் 'கருப்பு ரோஜா' 1996-ல் வந்தது. உலக அளவில் டி.டி.எஸ். அறிமுகமானதே 1993-ல், 'ஜுராசிக் பார்க்' படத்தோடுதான். அதாவது மூணு வருஷத்தில் நம்மகிட்ட வந்தாச்சு.

தியேட்டர் டி.டி.எஸ்.ஸில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சத்தம் ஃபிலிமில் இல்லை! ஃபிலிம் ஓரத்தில் ஒரு டைம்கோடு மட்டும் அச்சாகியிருக்கும். சத்தம் தனியாக சிடி-ராம் டிஸ்க்கில் வரும். புரொஜக்டர் அந்த டைம்கோடைப் படித்து, ஆபரேட்டர் ரூமில் இருக்கும் பிளேயரிடம் "இப்போ இந்த இடத்தை வாசி" என்று சொல்லும். டிஸ்க் மக்கர் பண்ணினால்? ஃபிலிமிலேயே பழைய ஆப்டிகல் டிராக்கும் இருக்கும். சிஸ்டம் தானாக அதற்கு மாறிடும். சத்தத்தின் தரம் இறங்கும், ஆனால் ஷோ நிற்காது.

நம்ம வீட்டு பிளேயருக்கு இந்தப் புத்தி கிடையாது. ஒரு டிராக்கை விரிக்கத் தெரியலன்னா இன்னொன்றுக்குத் தானாக மாறாது. அந்த மாற்றத்தை நாமதான் ரிமோட்டால் பண்ணணும்.

சரி, இப்போ வைத்தியத்துக்குப் போவோம். "சத்தம் வரல" என்று வீட்டில் சொன்னால் அப்படியே எடுத்துக்காதீங்க. உட்கார்ந்து ஒரு நிமிஷம் கேளுங்க. அது கீழே உள்ள ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

புகார் 1: படம் தெரியுது, சத்தம் சுத்தமாக இல்லை

ரிமோட்டில் 'ஆடியோ' என்ற பட்டனைத் தேடுங்க. சிலதில் 'லாங்குவேஜ்' என்று இருக்கும். ஒருமுறை அழுத்தினால் திரையில் '1/2 டி.டி.எஸ்.' மாதிரி ஏதாவது வரும். இன்னொரு முறை அழுத்துங்க. '2/2 டால்பி டி' என்று மாறினதும் சத்தம் வந்தால் வேலை முடிஞ்சது. உங்க பிளேயரிடம் டி.டி.எஸ். சாவி இல்லை, அவ்வளவுதான். டிஸ்க்கும் நல்லா இருக்கு, பிளேயரும் நல்லா இருக்கு.

பிளேயர் மேலே டி.டி.எஸ். சின்னம் ஒட்டியிருக்கே என்று கேட்கலாம். சின்னத்துக்குப் பக்கத்தில் 'டிஜிட்டல் அவுட்' என்று எழுதியிருக்கா பாருங்க. இருந்தால் அதற்கு அர்த்தம், "நான் பிரிக்க மாட்டேன், பூட்டோடு அப்படியே அடுத்த பெட்டிக்கு அனுப்புவேன்." சிவப்பு, வெள்ளை ஒயரில் அப்போ ஒன்றும் வராது.

பிளேயரிலிருந்து கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் ஒயர் போயிருந்தால் செட்டப் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தைப் பாருங்க. 'ரா' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருந்தால் பூட்டோடு போகுது. ஆம்ப்ளிஃபயருக்கு அந்தச் சாவி இருக்கணும். 'பி.சி.எம்.' என்று மாற்றினால் பிளேயரே பிரித்து இரண்டு சேனலாக அனுப்பும். 5.1 போயிடும், ஆனால் சத்தம் வரும்.

காப்பி டிஸ்க் என்றால் கதை வேற. 8.5 ஜி.பி. படத்தை 4.7 ஜி.பி. டிஸ்க்கில் திணிக்க, காப்பி பண்ணினவர் கூடுதல் டிராக்கை எல்லாம் வெட்டியிருக்கலாம். மிச்சம் வைத்தது டி.டி.எஸ். மட்டும் என்றால் ஆடியோ பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

புகார் 2: பாட்டும் சண்டையும் கேட்குது, வசனம் கேட்கல

என்னைக் கேட்டால் ஐந்திலும் இதுதான் சுவாரசியமானது. எம்.பி.3 சிடி நல்லா பாடும், விசிடியில் வசனம் தெளிவாக இருக்கும், 5.1 டிவிடி போட்டால் மட்டும் ஹீரோ வாயை அசைப்பார், பின்னால் வயலின் மட்டும் வாசிக்கும்.

காரணம் இதுதான். 5.1-ல் வசனத்தைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வைப்பாங்க. இரண்டு சேனல் டிஸ்க்கில் நடு சேனல் என்பதே கிடையாது, வசனம் இடது வலது இரண்டிலும் சமமாக வரும். ஆக, நடு ஸ்பீக்கர் பாதை அறுந்திருந்தால் 5.1 டிஸ்க்கில் மட்டும் வசனம் காணாமல் போகும்.

நம்ம பக்கத்து வீடுகளில் இது நடக்கிறதுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. உள்ளூரில் அசெம்பிள் பண்ணின ஆம்ப்ளிஃபயர்தான் நிறைய இடத்தில் இருக்கு. டிவிடி பிளேயரின் பின்னால் ஆறு சாக்கெட் இருக்கும்: முன் இரண்டு, பின் இரண்டு, நடு, ஊஃபர். ஆனால் ஒயர் போயிருப்பது முன் இரண்டில் மட்டும். பிளேயர் மெனுவில் ஸ்பீக்கர் செட்டப் '5.1' என்றே இருந்தால், பிளேயர் வசனத்தை நடு சாக்கெட்டுக்கு நேர்மையாக அனுப்பிக்கிட்டே இருக்கும். அங்கே ஒயரே இல்லை!

வைத்தியம்: மெனுவில் 'டவுன்மிக்ஸ்' என்பதை 'ஸ்டீரியோ' ஆக்குங்க. பிளேயர் நடு சேனலை இடது, வலது இரண்டிலும் கலந்து கொடுக்கும். ஆறு ஒயரும் போயிருந்தால் 'டெஸ்ட் டோன்' போடுங்க. ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஷ்ஷ்' என்று வரும். எது ஊமையோ அங்கே ஒயரை அழுத்திச் சொருகுங்க. அப்பவும் வரலன்னா நல்லா பாடும் ஸ்பீக்கரின் ஒயரை அங்கே மாற்றிப் போட்டுப் பாருங்க. ஊமைத்தனம் ஸ்பீக்கரோடு நகர்ந்தால் ஸ்பீக்கர் கெட்டது, அதே இடத்தில் நின்றால் ஆம்ப்ளிஃபயர் சேனல் கெட்டது.

ஒரு எச்சரிக்கை. எல்லா டிஸ்க்கிலும், செல்போனில் பாட்டுப் போட்டாலும் குரல் மட்டும் காணோம் என்றால் இது அந்த நோய் இல்லை. ஆக்ஸ் பின் பாதி சொருகியிருக்கு, இல்ல கிரவுண்ட் ஒயர் விட்டுப் போச்சு. அப்போ இடது கழித்தல் வலதுதான் கேட்கும். இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிந்து பூஜ்யமாயிடும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் லேபில் பார்த்த காமன் மோட் ஞாபகம் வருதா? அதேதான்.

புகார் 3: 'சர்ர்ர்' என்று ஒரே இரைச்சல்

இது வந்த உடனே வால்யூமைக் குறைங்க. முழு வீச்சில் வரும் இரைச்சல் சின்ன ட்வீட்டரைக் காலி பண்ணிடும்.

சத்தத்தைச் சுருக்கி எழுதின தகவலை, சுருக்காத பி.சி.எம். என்று நினைத்து வாசித்தால் இப்படித்தான் கேட்கும். டி.டி.எஸ். முறையில் எழுதின பாட்டு சிடிகள் உண்டு. பார்க்க சாதா ஆடியோ சிடி மாதிரியே இருக்கும், பிளேயரும் அப்படியே நம்பிடும். டி.டி.எஸ். தெரிந்த பெட்டிக்கு டிஜிட்டல் ஒயரில், 'ரா' அமைப்பில் அனுப்பினால் இரைச்சல் ஆறு சேனல் பாட்டாக மாறிடும். அனுப்பும் வழியில் பிளேயரின் ஈக்வலைசர், வால்யூம் எதுவும் அந்தப் பிட்டுகளைத் தொடக்கூடாது. ஒரு பிட் மாறினாலும் பூட்டு திறக்காது.

புகார் 4: வாயசைப்பும் சத்தமும் சேரல

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. படம் ஆரம்பிக்கும்போது எவ்வளவு வித்தியாசம், ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு?

இரண்டும் ஒரே அளவு என்றால் டிவியோ பிளேயரோ காரணம். புது எல்.இ.டி. டிவி படத்தைச் சரிபண்ண நேரம் எடுக்கும், சத்தம் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போய் முந்திடும். 'ஆடியோ டிலே' அமைப்பில் சில மில்லிசெகண்ட் கூட்டினால் சரியாயிடும். நேரம் போகப் போக வித்தியாசம் வளர்ந்தால் தப்பு டிஸ்க்கிலேயே இருக்கு, எடிட்டிங்கில் சாம்பிள் கணக்கு தப்பியிருக்கும். பிளேயரில் எதை மாற்றினாலும் அது தீராது. கம்ப்யூட்டரில்தான் சரிபண்ண முடியும்.

புகார் 5: வசனம் முணுமுணுப்பு, சண்டை வந்தால் பக்கத்து வீடு எழும்புது

இது கோளாறே இல்லை. தியேட்டருக்காகக் கலந்த ஒலியில் மெல்லியதுக்கும் பலத்ததுக்கும் இடைவெளி அதிகம். விசிடி பார்த்துப் பழகின காதுக்கு இது விநோதமாக இருக்கும். மெனுவில் 'டி.ஆர்.சி.' அல்லது 'நைட் மோட்' போட்டால் இடைவெளி சுருங்கும். பெரும்பாலும் டால்பி டிராக்குக்கு மட்டும்தான் இது வேலை செய்யும்.

டிஸ்க்கே அழுக்கா?

சத்தம் விட்டு விட்டு வந்து, கூடவே படமும் கட்டம் கட்டமாக உடைந்தால் அப்போ டிஸ்க் அல்லது லென்ஸைச் சந்தேகப்படலாம். கோடையில் நம்ம ஊர் மண் பறக்கும் காற்றுக்கு, திறந்த ஷோகேஸில் இருக்கும் பிளேயரின் லென்ஸ் எத்தனை வருஷம் தாங்கும்?

சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. பொதுவாக இரண்டும் தனித்தனி டயோடு. அதனால் டிவிடி எல்லாம் ஓடி, சிடி மட்டும் எல்லாமே திக்கினால் ஒரு லேசர் மட்டும் களைச்சுப் போயிருக்கலாம். இதுவும் "சில டிஸ்க்கில் மட்டும்" வகைதான்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைங்க. வட்டமாகத் துடைக்கவே கூடாது. சிடியின் பிழைதிருத்தும் முறை டிராக் வழியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தகவல் அழிந்தாலும் முழுசாக மீட்டுடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சத்தைத்தான் தொடும், சமாளிச்சிடும். டிராக் வழியே ஓடும் வட்டக் கீறல் ஒரே இடத்தில் மொத்தமாக அழிச்சிடும்.

பிளேயர் மூடியைக் கழற்ற வேண்டி வந்தால், ப்ளக்கைப் பிடுங்கின உடனே கை வைக்காதீங்க. 230 வோல்ட்டை நேராக்கினால் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். ப்ளக் வெளியே இருந்தாலும் கொஞ்ச நேரம் அது அங்கேயேதான் இருக்கும்.

பென் டிரைவ் தலைமுறைக்கும் இதே பாடம்

"டிஸ்க் காலம் போச்சு ப்ரோ" என்று நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பென் டிரைவில் படம் போட்டு ஸ்மார்ட் டிவியில் சொருகினால் 'இந்த ஆடியோவுக்கு ஆதரவு இல்லை' என்று வந்திருக்கா? அதே பூட்டு, அதே சாவி. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிவியில் டி.டி.எஸ்.ஸை எடுத்துட்டாங்க. எல்.ஜி.யும் 2020-ல் எடுத்து, 2023 மாடல்கள் சிலவற்றில் திருப்பிக் கொண்டு வந்தாங்க. பிளேயரை டிவியில் சொருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒயர் போட்டிருந்தாலும் இதே நிலைதான். நடுவில் நிற்கும் டிவி டி.டி.எஸ்.ஸை வழிமறிக்கும். பிளேயரை நேராகச் சவுண்ட்பாரில் சொருகுங்க, இல்ல பி.சி.எம். ஆக்குங்க.

எந்த டிராக் என்று சந்தேகமா? லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயரில் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் தகவலைப் பாருங்க. 'ஏ52' என்று இருந்தால் அது டால்பி டிஜிட்டல். வி.எல்.சி. கிட்ட எல்லாச் சாவியும் இருக்கு. அதிலும் சத்தம் வரலன்னாதான் டிஸ்க்கில் உண்மையாகவே சத்தம் இல்லை என்று சொல்லலாம். அதற்கு முன்னால் சொல்லாதீங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்?

சினிமா டிஸ்க் போனால் போகட்டும், அந்தப் படம் எங்கேயாவது கிடைக்கும். ஷோகேஸ் கீழ்த்தட்டில், ஆல்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வகை டிஸ்க் இருக்கும். சித்தி கல்யாணம், அண்ணன் காதுகுத்து, தாத்தாவோட அறுபதாம் கல்யாணம். அதற்கு உலகத்தில் வேற பிரதி இல்லை. ஸ்டூடியோக்காரர் ஹார்ட் டிஸ்க்கை எப்பவோ அழிச்சிருப்பார். அந்த டிஸ்க்கில் தாத்தா மைக்கைப் பிடித்து இரண்டு நிமிஷம் பேசியிருப்பார். பிளேயர் மெனுவில் ஒரு அமைப்பு தப்பாக இருந்ததால் "சத்தம் வராத டிஸ்க்" என்று பெயர் வாங்கி, பழைய பேப்பரோடு அது எடைக்குப் போயிடக்கூடாது.

வீட்டில் எழுதின டிஸ்க்குக்கு ஆயுளும் கம்மி. கம்பெனி டிஸ்க்கில் தகவல் பிளாஸ்டிக்கில் குழியாக அச்சாகியிருக்கும். ரைட்டரில் எழுதினதில் வெறும் சாயம்தான். வெயிலும் வெக்கையும் பட்டால் அது வெளுத்துடும். மே மாசத்து மாடி ரூமில், தகர டப்பாவுக்குள்ளே எத்தனை டிஸ்க் வெந்துக்கிட்டிருக்கோ.

அதனால் இந்த செமஸ்டர் லீவுக்கு ஒரு அசைன்மென்ட், மார்க் கிடையாது:

1. வீட்டில் இருக்கும் குடும்ப டிஸ்க்குகளை ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றாக வி.எல்.சி.யில் ஓட்டிப் பாருங்க. லேப்டாப்பில் டிரைவ் இல்லன்னா ஹாஸ்டலில் யாரிடமாவது யு.எஸ்.பி. டிவிடி டிரைவ் இருக்கும்.
2. ஓடுற டிஸ்க்கின் ஃபைல்களை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீங்க.
3. செல்போனில் பார்க்க ஹேண்ட்பிரேக் மாதிரி சாஃப்ட்வேரில் இன்னொரு பிரதி எடுங்க. ஆடியோவை ஏ.ஏ.சி. ஆக வைத்தால் எந்த போனிலும் பாடும்.
4. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேற ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம்.
5. காப்பி ஆகாத டிஸ்க்கைத் துடைத்து, வேற டிரைவில் போட்டுப் பாருங்க. ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கலாம்.

டவுட் இருந்தால் எந்தப் புகார் எண், எந்த டிஸ்க், ரிமோட்டில் ஆடியோ பட்டன் அழுத்தினால் திரையில் என்ன வருது, இந்த மூணையும் எழுதி நம்ம இதழ் குழுவுக்கு அனுப்புங்க. "சத்தம் வரல" என்று மட்டும் அனுப்பினால் பதில் வராது!